மூன்று தீபாவளி ஓடிய படமும் சிறையில் இருந்த நாயகனும்

இந்தப் பொங்கலுக்கு நம் சங்க மண்டபத்தில் நடந்த நிகழ்ச்சிக்கு வந்தவர்களுக்கு நினைவிருக்கும். கோலப்போட்டி முடிந்து, குழந்தைகள் நடனம் முடிந்து, பெரியவர்கள் பாடும் நேரம் வந்தபோது, எண்பதைத் தாண்டிய நம் மூத்த உறுப்பினர் ஒருவர் தியாகராஜ பாகவதர் பாட்டு ஒன்றை எடுத்தார். மூச்சு வாங்கியது, ஆனாலும் விடாமல் முடித்தார். கைதட்டல் அடங்கியதும், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன் கைப்பேசியில் எதையோ பார்த்துவிட்டு, மாமா, இவர் கொலை செய்து ஜெயிலுக்குப் போனவர்தானே என்று கேட்டான். எனக்கு இந்தப் பக்கம் இருந்தவரோ, ஆமாம், கர்வம் தலைக்கேறியது, ஜெயிலோடு மனுஷன் முடிந்தான் என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார்.

இரண்டும் சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. மேடைக்குக் கீழே நின்று வாதாட வேண்டாமே என்று, அடுத்த இதழில் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இது அந்தக் கடன். பேரேடு எழுதியே காலம் கழித்தவன் நான். பற்று எது, வரவு எது என்று தேதி போட்டுப் பார்த்தால்தான் எனக்கு எதுவும் விளங்கும். இதையும் அப்படியே பார்க்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாயவரம் கிருஷ்ணமூர்த்தி தியாகராஜன் பிறந்தது 1910 மார்ச் 1. பொற்கொல்லர் குடும்பம். பிறகு குடும்பம் திருச்சிக்கு வந்துவிட்டது. பையனுக்குப் படிப்பில் நாட்டமில்லை, பாட்டில்தான். அப்பாவுக்கோ, தொழிலைக் கற்றுக்கொள்ளாமல் இப்படிப் பாடித் திரிகிறானே என்ற கோபம். ஒருநாள் பையன் வீட்டை விட்டே ஓடிப்போனான். தேடிப் பிடித்தபோது கடப்பாவில் ஒரு கூட்டத்துக்கு நடுவே பாடிக்கொண்டிருந்தானாம். அதன் பிறகு அப்பா தடுக்கவில்லை.

திருச்சியில் அப்போது எஃப்.ஜி. நடேச ஐயர் என்று ஒருவர் இருந்தார். ரயில்வேயில் அதிகாரி, நாடகப் பித்து உள்ளவர், ரசிக ரஞ்சன சபாவை நடத்தியவர். ஹரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசன் வேஷத்துக்குப் பையன் தேடிக்கொண்டிருந்தவர் கண்ணில் இவன் பட்டான். அந்த வேஷம்தான் முதல் படி. நாடகம் பார்த்த மதுரை பொன்னு ஐயங்கார் என்ற வயலின் வித்வான் சங்கீதம் சொல்லிக்கொடுக்க முன்வந்தார். கச்சேரி அரங்கேற்றம் நடந்தது, பாகவதர் என்ற பட்டமும் பெயரோடு ஒட்டிக்கொண்டது. உட்கார வைத்து முறையாகக் கற்றுக்கொடுத்த சங்கீதம் அது. அந்த அடித்தளம் கடைசிவரை அவரைக் காப்பாற்றியது. இதைப் பின்னால் சொல்கிறேன்.

நாடக மேடையில் அப்போது மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்கும் கேட்க வேண்டும். நான்கு கட்டை, ஐந்து கட்டை என்று உயர்ந்த சுருதியில் மணிக்கணக்கில் பாட வேண்டும். அப்படிப் பாடியும் இனிமை கெடாத குரல் பாகவதருக்கு. நல்ல நிறம், தோளில் புரளும் முடி, காதில் கடுக்கன், பட்டு ஜிப்பா. அவர் முடியைப் பார்த்துப் பார்த்துப் பாகவதர் கிராப் என்றே ஒரு ஃபேஷன் ஊரெங்கும் கிளம்பியது. எங்கள் தெருவில் நான் சிறுவனாக இருந்தபோதுகூட, முடி வெட்டிக்கொள்ளச் சோம்பல்படும் பையன்களைப் பெரியவர்கள் இதைச் சொல்லித்தான் திட்டுவார்கள்.

அவர் மேடையில் நடித்த பவளக்கொடி நாடகத்தையே கே. சுப்ரமணியம் 1934-ல் படமாக்கினார். அர்ஜுனனாகப் பாகவதர், பவளக்கொடியாக எஸ்.டி. சுப்புலட்சுமி. ஏறத்தாழ ஐம்பது பாட்டுகள். இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அன்று நடிகர்தான் பாட வேண்டும். கேமரா ஓடும்போதே பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் மரத்துக்குப் பின்னாலோ திரைக்குப் பின்னாலோ, படத்தில் விழாத இடத்தில் உட்கார்ந்து வாசிப்பார்கள். நடிகனின் முதலீடு முகமல்ல, தொண்டை. அந்த முதலீடு இவரிடம் இருந்த அளவுக்கு வேறு யாரிடமும் இல்லை.

அடுத்து சாரங்கதரா, சத்தியசீலன். 1937-ல் சிந்தாமணி. ஒய்.வி. ராவ் இயக்கம், கதாநாயகி அஸ்வத்தம்மா, பாட்டுகள் பாபநாசம் சிவன். ஒரே ஊரில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய முதல் தமிழ்ப் படம் என்று பெயர் வாங்கியது. மதுரைக்காரர்களுக்கு இன்னொன்றும் தெரியும். அந்தப் படத்தை எடுத்த ராயல் டாக்கீஸ்காரர்கள் வந்த லாபத்தில் மதுரையில் தியேட்டரே கட்டி அதற்குச் சிந்தாமணி என்று பெயர் வைத்தார்கள். அதே வருஷம் அம்பிகாபதி. அதை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர், தமிழ் தெரியாதவர். வசனம் எழுதியவர் இளங்கோவன். ஒரு வருஷத்தில் இப்படி இரண்டு படம் யாருக்கு அமையும்?

பிறகு 1939-ல் திருநீலகண்டர், 1941-ல் அசோக் குமார், 1943-ல் சிவகவி. அசோக் குமாரில் பாகவதர் அசோகச் சக்கரவர்த்தியின் மகன் குணாளன். அந்தப் படத்தில் சின்ன வேஷத்தில் வரும் ஓர் இளைஞரைப் பழைய படம் பார்க்கும் நம் ஆட்கள் விரல் நீட்டிக் காட்டுவார்கள். அவர் எம்.ஜி.ஆர். ஒருவர் உச்சியில் நிற்கும் காலத்தில் இன்னொருவர் வாசலில் காத்திருக்கிறார் என்பது சினிமாவில் புதிதல்ல.

1944 அக்டோபர் 16, தீபாவளி. ஹரிதாஸ் வெளிவந்தது. உலகப் போர்க் காலம். கச்சா பிலிமுக்குத் தட்டுப்பாடு. ஒரு படம் 11,000 அடிக்குள் முடிய வேண்டும் என்று அரசாங்கம் கட்டுப்பாடு போட்டிருந்தது. நிமிஷத்துக்கு 90 அடி என்று வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டு மணி நேரம்தான் வரும். ஐம்பது பாட்டுக் காலம் அப்படித்தான் முடிந்தது. அந்தக் கட்டுப்பாடே படத்துக்கு நல்லதாகப் போயிற்று என்பது என் அபிப்பிராயம். சுந்தர்ராவ் நட்கர்ணி இயக்கிய அந்தப் படத்தில் தொய்வே இருக்காது. பெண்டாட்டி பேச்சைக் கேட்டுப் பெற்றவர்களைத் துரத்தி, தாசி ரம்பாவிடம் சொத்தை இழந்து, பிறகு கால்களையும் இழந்து திருந்துகிற ஒருவனின் கதை. ரம்பாவாக டி.ஆர். ராஜகுமாரி, மனைவியாக என்.சி. வசந்தகோகிலம், சிரிப்புக்கு என்.எஸ். கிருஷ்ணன், டி.ஏ. மதுரம். சென்னை பிராட்வே தியேட்டரில் 1944 தீபாவளி, 1945 தீபாவளி, 1946 தீபாவளி என்று மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் அந்தப் படப்பெட்டி இறங்கியது.

அதில் இரண்டாவது தீபாவளிக்கும் மூன்றாவது தீபாவளிக்கும் கதாநாயகன் சிறையில் இருந்தார்.

இனி அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சி.என். லட்சுமிகாந்தன் என்று ஒருவர். ஏற்கெனவே போர்ஜரி வழக்கில் நீண்ட தண்டனை பெற்றவர். 1943-ல் சினிமா தூது என்ற பத்திரிகையை ஆரம்பித்து நடிகர் நடிகைகளின் அந்தரங்கம் என்று கண்டதையும் எழுதினார். அன்று பணம் கொடுத்து வாயை அடைத்தவர்களும் உண்டு. பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னரிடம் மனு கொடுத்தார்கள். போர்க் காலத்தில் பத்திரிகை நடத்த அரசாங்க அனுமதி வேண்டும். அந்த அனுமதி ரத்தானது. மனிதர் சும்மா இருப்பாரா? இந்து நேசன் என்ற வேறொரு பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு அதே வேலையைத் தொடர்ந்தார்.

1944 நவம்பர் 8-ஆம் தேதி, ஹரிதாஸ் வெளிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, வேப்பேரிப் பக்கம் ரிக்‌ஷாவில் வந்துகொண்டிருந்த லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்தார். டிசம்பர் முடிவதற்குள் மனு கொடுத்த மூவருமே கைதானார்கள். கத்தி எடுத்துக் குத்தினார்கள் என்று அவர்கள்மேல் குற்றச்சாட்டு இல்லை. சதி செய்து ஆள் ஏவினார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. கைப்பேசியில் ஒரு வரி படிக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

சென்னை உயர்நீதிமன்றத்தில் ஜூரி வைத்து விசாரணை. வழக்கின் முதுகெலும்பு, குற்றவாளிகளில் ஒருவராகச் சேர்க்கப்பட்டுப் பிறகு அப்ரூவராக மாறியவரின் சாட்சியம். ஸ்ரீராமுலு நாயுடு விடுவிக்கப்பட்டார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் 1945 மே மாதம் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் செய்த அப்பீல் தள்ளுபடியானது. லண்டனில் பிரிவி கவுன்சிலுக்குப் போனார்கள். அங்கே நேரடியாக விடுதலை கொடுக்கவில்லை. சாட்சியங்களை முறையாக எடைபோட்டு அப்பீலை மறுபடியும் விசாரியுங்கள் என்று சென்னைக்கே திருப்பி அனுப்பினார்கள். மறுவிசாரணையில் வி.எல். எத்திராஜ் வாதாடினார். ஹாப்பல், ஷகாபுதீன் என்ற இரண்டு நீதிபதிகள் கேட்டார்கள். அந்தச் சாட்சியத்தை நம்பித் தண்டிக்க முடியாது என்று முடிவாகி, 1947 ஏப்ரல் 25 அன்று இருவரும் விடுதலை. லட்சுமிகாந்தனைக் கொன்றவர்கள் யார் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை.

ஆகவே தம்பி, இவர் கொலைக் குற்றவாளி அல்ல. கடைசித் தீர்ப்பு எதுவோ அதுதான் தீர்ப்பு. கணக்கில் தவறாக விழுந்த பற்றை எதிர்ப்பதிவு போட்டு நேர்செய்த பிறகும், பழைய பக்கத்தைக் காட்டி நீ கடன்காரன் என்று சொன்னால் எப்படி?

கர்வத்துக்குக் கிடைத்த தண்டனை, ஜெயிலோடு முடிந்தார் என்ற அடுத்த பேச்சைப் பார்ப்போம். இது எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. அவருடைய படங்களிலிருந்தே வந்ததாகத்தான் தோன்றுகிறது. சிந்தாமணியில் பெண் மோகத்தில் விழுந்து பிறகு பக்தனாகிறார். திருநீலகண்டரில் தவறு செய்து மனைவியின் சபதத்துக்குக் கட்டுப்படுகிறார். ஹரிதாஸில் ஆணவத்தால் எல்லாம் இழந்து திருந்துகிறார். வருஷக்கணக்கில் திரையில் இதையே பார்த்த ஜனங்கள், அவர் வாழ்க்கையிலும் அப்படி ஒரு சம்பவம் வந்தவுடன், படத்தின் கதையை எடுத்து மனிதனுக்குப் போர்த்திவிட்டார்கள். போர்த்தியது நன்றாகப் பொருந்தியும்விட்டது. அதனால் யாரும் தேதிகளைப் பார்க்கவில்லை.

தேதிகளைப் பார்ப்போம். ஒரே வழக்கில் மூன்று பேர் மாட்டினார்கள். சிறையில் ஒருநாள்கூட வீணாக்காதது போல மூன்றாமவர் ஸ்ரீராமுலு நாயுடு தொழிலுக்குத் திரும்பினார். 1954-ல் எம்.ஜி.ஆரை வைத்து மலைக்கள்ளன் எடுத்து இயக்கியவர் அவர்தான். பல மொழிகளில் எடுத்தார், ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கமும் வாங்கினார். அவரை விடுங்கள், அவருக்குத் தண்டனையே இல்லை என்பீர்கள். என்.எஸ். கிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். அதே தண்டனை, ஒரே நாளில் விடுதலை. அவர் உள்ளே இருந்தபோது மதுரம் அம்மாளும் நாடகக் கம்பெனிக்காரர்களும் பைத்தியக்காரன் படத்தை ஆரம்பித்தார்கள். வெளியே வந்தவர் அதிலேயே சேர்ந்து நடித்தார். 1949-ல் அண்ணாதுரை எழுதிய நல்லதம்பி. 1951-ல் அவரே இயக்கிய மணமகள், வசனம் கருணாநிதி. அடுத்த வருஷம் சிவாஜியை வைத்துப் பணம். கலைவாணர் என்றால் இன்றும் ஒருவரைத்தான் சொல்கிறோம். அவர் பணத்தை வைத்துக்கொள்ளத் தெரியாமல் கொடுத்துக் கொடுத்தே கரைத்தார், 1957-ல் காலமானார். அது வேறு கதை. ஆனால் ஜெயில் அவர் தொழிலை முடிக்கவில்லை. ஜனங்கள் அவரை ஒதுக்கவும் இல்லை.

அப்படியானால் பாகவதருக்கு என்ன ஆயிற்று?

முதலில், அவர் இல்லாத அந்த இரண்டு வருஷத்துக்கு மேலான காலத்தில் அவர் கையில் இருந்த படங்கள் கைமாறின. ஸ்ரீமுருகன் போன்ற படங்கள் ஹொன்னப்ப பாகவதருக்குப் போயின. இது பெரிய நஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. 1945-ல் ஏவி.எம். எடுத்த ஸ்ரீவள்ளியில் கதாநாயகி ருக்மிணிக்கு பெரியநாயகி பாடினார். 1947 பொங்கலுக்கு வந்த நாம் இருவர் படத்தில் பாரதியார் பாட்டுகளை டி.கே. பட்டம்மாள் பின்னணி பாட, வேறு ஒருவர் திரையில் ஆடினார். ஒருவர் பாடி இன்னொருவர் வாயசைப்பதை ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். இனி நடிகனுக்குத் தொண்டை தேவையில்லை.

பாகவதர் விடுதலையாவதற்கு இரண்டே வாரம் முன்பு, 1947 ஏப்ரல் 11 அன்று, ராஜகுமாரி என்ற படம் வெளிவந்தது. எம்.ஜி.ஆர். முதல்முறை கதாநாயகனாக நடித்த படம். கத்திச்சண்டை, குதிரை, வேகம். அசோக் குமாரில் வாசலில் நின்றவர் உள்ளே வந்துவிட்டார். ஹரிதாஸில் ரம்பாவாக வந்த ராஜகுமாரி 1948-ல் ஜெமினியின் சந்திரலேகாவில் நாயகி. முரசின்மேல் ஆடும் அந்தக் காட்சியைப் பார்த்து நாடே வாய்பிளந்தது.

அந்த வருஷம் பாகவதர் என்ன செய்தார்? சொந்தப் படம் எடுத்தார். ராஜமுக்தி. புனாவில் பிரபாத் ஸ்டூடியோவில் படப்பிடிப்பு. எம்.ஜி.ஆரும் வி.என். ஜானகியும் பானுமதியும் நடித்தார்கள். எம்.எல். வசந்தகுமாரியைப் பின்னணிப் பாடகியாக அறிமுகப்படுத்திய படம் அது. வசனம் எழுதப் புதுமைப்பித்தன் போனார். சிறுகதை உலகத்தின் பெரிய கை. புனாவில் காசநோய் முற்றி, திரும்பி வந்து, படம் வெளிவருவதற்கு முன்பே 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் இறந்துபோனார். ராஜமுக்தியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு நஷ்டக் கணக்கில் முதலில் தோன்றுவது அந்த மனிதர்தான். படமும் ஓடவில்லை.

வங்கியில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு இங்கே ஒரு வருத்தம் உண்டு. வழக்குச் செலவில் கையிருப்பு கரைந்திருக்கும் நேரம். மார்க்கெட் எப்படி இருக்கிறது என்று தெரியாத நேரம். அப்போது மனிதன் அடுத்தவன் முதலில் ஒரு படம், இரண்டு படம் நடித்துப் பார்த்துவிட்டு அல்லவா சொந்த முதலைப் போட வேண்டும்? வெற்றியான காலத்தில் திருநீலகண்டரைச் சொந்தமாக எடுத்து ஜெயித்த தைரியம் அவருக்கு இருந்திருக்கும். ஆனால் 1939 வேறு, 1948 வேறு. அவருக்குப் போட்டியாக இருந்த பி.யு. சின்னப்பா சம்பாதித்ததைப் புதுக்கோட்டையில் வீடு வீடாக வாங்கிப் போட்டார் என்பார்கள். அவரும் 1951-ல் அற்பாயுசில் போய்விட்டார். சரி, யாருக்கு யார் யோசனை சொல்வது? எங்கள் கிளையிலேயே, ஓய்வுபெற்ற பணம் முழுவதையும் பார்த்தறியாத வியாபாரத்தில் போட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். கவுண்டரில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் எச்சரிக்கை சொன்னவர்கள் அவர்கள்.

1952-ல் அமரகவி, சியாமளா என்று இரண்டு படங்கள். அமரகவியில் மறுபடியும் டி.ஆர். ராஜகுமாரி ஜோடி. பாட்டுகளுக்குக் குறைவில்லை, குரலும் கெடவில்லை. ஆனால் அதே வருஷ தீபாவளிக்குப் பராசக்தி வந்தது. சிவாஜி என்ற புதுப் பையன் நீதிமன்றக் கூண்டில் நின்று பேசிய பேச்சைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து தெருவில் ஒப்பித்தார்கள். பாட்டு கேட்கத் தியேட்டருக்குப் போன ஜனங்கள் பேச்சு கேட்கப் போக ஆரம்பித்துவிட்டார்கள். என்.எஸ்.கே. எப்படிப் பிழைத்தார் என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. அவருடைய சரக்கு பேச்சும் சிரிப்பும். புதிதாக எழுத வந்தவர்கள் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். பாகவதரின் சரக்கு சங்கீதமும் பக்தியும். அந்தக் கடைக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

இதில் எனக்கு மனசைப் பிசைவது ஒன்று உண்டு. ஜனங்களுக்கு அந்தக் குரல் வேண்டாம் என்று ஆகிவிடவில்லை. மதுரையிலிருந்து வந்த டி.எம். சௌந்தரராஜன் என்ற இளைஞர் பாகவதர் பாணியிலேயே பாடிப் பழகியவர். 1950-ல் கிருஷ்ண விஜயத்தில் அவர் பாடியதைக் கேட்டால் பாகவதரின் சாயல் அப்படியே தெரியும். 1957-ல் அம்பிகாபதியை மறுபடி எடுத்தார்கள். சிவாஜி அம்பிகாபதி, டி.எம்.எஸ். பின்னணி, இசை ஜி. ராமநாதன். சிவகவிக்கும் ஹரிதாஸுக்கும் இசையில் பாகவதரோடு உழைத்த அதே ராமநாதன். இருபது வருஷம் முன்பு ஒரே ஆளிடம் இருந்த முகமும் குரலும் இரண்டு ஆளாகப் பிரிந்து, இரண்டுமே கொடிகட்டிப் பறந்தன. அதே 1957-ல் பாகவதரும் தாமே இயக்கி நடித்துப் புது வாழ்வு என்ற படத்தை வெளியிட்டார். அது வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

ஆனால், முடிந்தார் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சினிமாவில் வரவு நின்றபோதும் அவர் கச்சேரி நிற்கவில்லை. பொன்னு ஐயங்கார் போட்டுக்கொடுத்த அடித்தளம் என்று முன்னால் சொன்னேனே, அது இதுதான். கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் கடைசிவரை பாடினார். என் தகப்பனார் ஒரு தேர்த்திருவிழாவில் கேட்டிருக்கிறார். ராத்திரி கச்சேரி, மணல் பரப்பில் கூட்டம், பாகவதர் ஜரிகை அங்கவஸ்திரத்தோடு உட்கார்ந்திருந்தார், முகம் மட்டும் கொஞ்சம் வாடியிருந்தது என்பார். ஒரு பாட்டு முடிந்தால் பத்துப் பாட்டின் பெயரைக் கூட்டம் கூவுமாம். படம் பார்க்கக் காசு கொடுக்காத அதே ஜனங்கள்தான் என்று அப்பா சேர்த்துக்கொள்வார்.

நீரிழிவு அவரை அரித்துக்கொண்டிருந்தது. 1959 அக்டோபரில் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நவம்பர் 1 அன்று காலமானார். வயது நாற்பத்தொன்பது. லட்சுமிகாந்தன் உயிர்விட்டதும் இதே ஆஸ்பத்திரியில்தான், பதினைந்து வருஷம் முன்பு இதே நவம்பர் மாதம். உடலைத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். அவர் நடித்திருந்த கடைசிப் படம் சிவகாமி, அடுத்த வருஷம்தான் வெளிவந்தது.

மொத்தம் 14 படங்கள். சிறைக்கு முன் ஒன்பது, பின் ஐந்து. முன் ஒன்பதில் வந்ததைப் பின் ஐந்தில் விட்டார். இதில் வழக்கின் பங்கு பெரிது, காலம் மாறியதன் பங்கு அதைவிடப் பெரிது, அவர் கையாலேயே செய்துகொண்டதும் கொஞ்சம் உண்டு. கர்வம் என்ற தலைப்பில் எழுத எனக்கு ஒரு பதிவும் கிடைக்கவில்லை.

அந்தக் கல்லூரிப் பையன் இதைப் படித்தானா தெரியாது. படித்திருந்தால் அவனுக்கும், மற்றவர்களுக்கும் ஓர் அறிவிப்பு. மூத்த உறுப்பினர்கள் சிலர் கேட்டுக்கொண்டதன்பேரில், அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நம் மண்டபத்தில் பெரிய டிவியில் ஹரிதாஸ் போடுகிறோம். இரண்டு மணி நேரம்தான், ஆறு மணிக்கு மண்டபத்தை யோகா வகுப்புக்கு விட்டுவிடலாம். படம் பழசு, ஒலி சில இடங்களில் கரகரக்கும். காது கொஞ்சம் மந்தமானவர்கள் முன்வரிசையில் உட்காரவும். பொங்கலன்று பாடிய பெரியவரையும் அழைத்திருக்கிறேன். படம் ஓடும்போது கூடவே பாடக்கூடாது என்று மட்டும் அவர் வீட்டம்மா நிபந்தனை போட்டிருக்கிறார்.